ரிப்பேர் செய்த இதய வால்வு மறுபடி பழுதானால்: எந்த வழி யாருக்கு?

சில வருடங்களுக்கு முன் வால்வை ரிப்பேர் செய்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எக்கோ ஸ்கேனில் பார்த்து வால்வில் லீக் அதிகமாகிவிட்டது என்கிறார்கள். ஒரு டாக்டர் வால்வை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் திரும்ப ரிப்பேர் செய்து பார்க்கலாம் என்கிறார். நாங்கள் என்னதான் செய்வது?

இந்தக் கேள்வியோடு தவிக்கிற குடும்பங்கள் டெல்டாவில் நிறைய. சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, மூட்டு வீங்கி, அது தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்ட பிள்ளைகளுக்கு, பத்துப் பதினைந்து வருடம் கழித்து, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வில் கோளாறு தெரியும். ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போகும் தழும்பு அது. இளம் வயதிலேயே முதல் சிகிச்சை நடந்துவிடுவதால், இரண்டாவது சிகிச்சைக்கான வயதும் சீக்கிரமே வந்துவிடுகிறது. வயதாவதால் வால்வு இதழ் தளர்ந்து, அதைத் தாங்கும் நாண் அறுந்து ரிப்பேர் செய்துகொண்டவர்களும் உண்டு. அவர்களுடைய கணக்கு கொஞ்சம் வேறு.

இரண்டாவது முடிவை எடுக்கப் பெரும்பாலும் சில வாரங்களாவது அவகாசம் இருக்கும். அந்த வாரங்களில், எந்த வால்வு உசத்தி என்று விசாரிப்பதிலேயே எல்லாரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்தபின் யார், எங்கே, எப்படி ரத்தப் பரிசோதனை செய்யப் போகிறார்கள், இன்னும் எத்தனை முறை நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்ற இரண்டையும் முதலில் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

## முதலில் பார்க்க வேண்டியவை

முதல் ரிப்பேர் ஏன் தோற்றது? இதற்கு விடை தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. முதல் வருடத்துக்குள்ளேயே லீக் வந்தால், ரிப்பேரின்போது வால்வின் வாயைச் சுற்றி வைத்த வளையத்தைப் பிடித்திருந்த தையல் விட்டிருக்கலாம், அல்லது அன்று செய்த வேலையில் ஏதோ ஒன்று நிற்கவில்லை. பல வருடம் கழித்து வந்தால் பெரும்பாலும் பழைய நோயே வால்வை மேலும் மேலும் தடிக்கவும் சுருங்கவும் வைத்திருக்கும். இடையில் காய்ச்சலாகக் கிடந்து வால்வில் கிருமி தொற்றியிருந்தால் அது மூன்றாவது கதை. அதற்கு அவசரமும் வேறு, ஆபத்தும் வேறு.

வயது. 28 வயதுக்காரர் இன்னும் 40, 50 வருடத்துக்குத் திட்டமிட வேண்டும். 70 வயதுக்காரருக்கு இந்த ஒரு ஆபரேஷனை நல்லபடியாகத் தாண்டுவதுதான் முக்கியம்.

இதயத் துடிப்பின் ஒழுங்கு. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை ஒழுங்கில்லாமல் படபடப்பது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், எந்த வால்வு வைத்தாலும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை பெரும்பாலும் தொடரும். பிறகு, மாத்திரை வேண்டாம் என்பதற்காகவே திசு வால்வு (மிருகத்தின் திசுவில் செய்த வால்வு) வைப்பதில் அர்த்தம் குறைந்துவிடுகிறது. ஆலோசனையில் இந்த விஷயம் பலருக்குச் சரியாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

குழந்தைப் பேறு. இதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இதயத்தின் இப்போதைய நிலை. பம்ப் செய்யும் திறன், நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தம், வலப்பக்க ட்ரைகஸ்பிட் வால்வில் லீக், சிறுநீரகம் ஆகியவை. 40 வயதைத் தாண்டியவருக்கு ஆஞ்சியோவும் எடுப்பார்கள்.

பணமும் தூரமும். ஆபரேஷன் பில் இதில் ஒரு பகுதிதான்.

| வழி | மறுபடி நெஞ்சைத் திறப்பதா? | ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை | எவ்வளவு காலம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| மாத்திரையோடு பொறுத்திருப்பது | இல்லை | துடிப்பு ஒழுங்கு கெட்டிருந்தால் உண்டு | பழுதின் வேகத்தைப் பொறுத்தது | பழுது மிதமாக, தொந்தரவு குறைவாக இருப்பவருக்கு |
| திரும்பவும் பலூன் (பலூனால் வால்வை விரிப்பது) | இல்லை | துடிப்பைப் பொறுத்தது | பெரும்பாலும் சில வருடங்கள் | சுருக்கம் மட்டும் இருந்து, லீக் குறைவாக உள்ளவருக்கு |
| திரும்பவும் ரிப்பேர் | ஆம் | பொதுவாக முதல் சில மாதம் | தோல்வியின் காரணத்தைப் பொறுத்தது | இதழ் நன்றாக இருப்பவருக்கு, குழந்தைகளுக்கு |
| மெட்டல் வால்வு | ஆம் | ஆயுள் முழுக்க | வால்வு தேய்வதில்லை | மாத்திரையும் பரிசோதனையும் தவறாத இளையவருக்கு, நடுவயதினருக்கு |
| திசு வால்வு | ஆம் | 3 முதல் 6 மாதம் | சுமார் 10 முதல் 15 வருடம், இளம் வயதில் குறைவு | 65 தாண்டியவருக்கு, மாத்திரை ஒத்துவராதவருக்கு |
| கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழி வால்வு, கிளிப் | இல்லை | சில மாதமாவது | நீண்ட கால அனுபவம் குறைவு | இன்னொரு ஆபரேஷனைத் தாங்காதவருக்கு |

## இரண்டாவது முறை நெஞ்சைத் திறப்பது

முதல் ஆபரேஷனுக்குப் பிறகு இதயத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயமே ஒட்டியிருக்கவும் கூடும். எலும்பை மறுபடி அறுக்கும்போது காயம் படாமலிருக்க, முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து எலும்புக்கும் இதயத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார்கள். சிலருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாக இதய நுரையீரல் மெஷினைத் தயாராக வைத்துக்கொண்டுதான் எலும்பில் கை வைப்பார்கள். மைட்ரல் வால்வு என்றால், பழைய தழும்பைத் தொடாமல் வலது விலா இடுக்கு வழியாகப் போகிற முறையும் உண்டு.

நேரம் அதிகம் பிடிக்கும், ரத்தம் அதிகம் தேவைப்படும், ஐசியூவில் கூடுதல் நாள் இருக்க வேண்டும். முதல் முறையை விட ஆபத்து கூடுதல்தான். ஆனால் இதயம் தளர்வதற்கு முன்பே திட்டமிட்டுச் செய்கிற இரண்டாவது ஆபரேஷனுக்கும், நுரையீரலில் நீர் கோத்து ஆம்புலன்ஸில் போய்ச் செய்வதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது. ஆகவே, “இரண்டாவது ஆபரேஷன் எவ்வளவு செய்திருக்கிறீர்கள்?” என்று சர்ஜனிடம் கேட்பதில் தப்பே இல்லை. அனுபவமுள்ள சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

## மாத்திரையோடு பொறுத்திருப்பது

லீக் மிதமாக இருந்து, வேலை வெட்டி பார்க்க முடிகிறது என்றால் இது நியாயமான வழி. நீர் பிரியும் மாத்திரை, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ. அவ்வளவுதான்.

இதன் மறைமுக விலை, காலம் தாழ்ந்து போவது. மூச்சு வாங்குவதற்குத் தக்கபடி மனிதர் தன் வேலையைத் தானே குறைத்துக்கொண்டு வருவார். முன்பு வரப்பு முழுக்க நடந்தவர் இப்போது மோட்டார் கொட்டகையோடு திரும்பிவிடுவார், “எனக்கு ஒன்றும் இல்லை” என்பார். உடம்பு சொல்லாததை எக்கோ சொல்லும். மைட்ரல் லீக் கடுமையாக இருக்கும்போது பம்ப் செய்யும் திறன் 60 சதவீதமோ அதற்குக் கீழோ வந்துவிட்டால், அல்லது இதயம் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் அளவு 40 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால், தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு 60 சதவீதம் நல்ல எண். கடும் லீக் உள்ளவருக்கு அது எச்சரிக்கை, ஏனென்றால் பம்ப் ஆவதில் ஒரு பங்கு பின்னோக்கித்தான் போகிறது.

ஆக, பொறுத்திருக்கிறவர் எக்கோ தேதியைத் தவறவிடக் கூடாது. அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போவதுதான் இந்த வழியில் உள்ள பெரிய ஆபத்து.

## திரும்பவும் பலூன்

முதல் சிகிச்சை பலூனாகவோ, அந்தக் காலத்தில் நெஞ்சின் பக்கவாட்டில் திறந்து வால்வை விரித்துவிட்டதாகவோ இருந்து, இப்போது மறுபடி சுருங்கியிருந்தால் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த பலூன்தான் இன்றும் நம் ஊர்களில் பரவலாகப் பயன்படுகிறது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் வால்வை விரித்துவிடுவார்கள். சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எல்லாருக்கும் ஒத்துவராது. வால்வு எவ்வளவு தடித்து, கால்சியம் படிந்திருக்கிறது என்பதற்கு வில்கின்ஸ் ஸ்கோர் என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலன் நன்றாக இருக்கும். மேலறையில் ரத்தக்கட்டி இருக்கக் கூடாது, அதற்காகத் தொண்டை வழியாக எக்கோ எடுப்பார்கள். லீக் ஏற்கெனவே மிதத்தைத் தாண்டியிருந்தால் பலூன் அதை மோசமாக்கிவிடும். கர்ப்பமாக இருக்கும்போது மூச்சுத் திணறி வரும் பெண்ணுக்கு, வால்வு பொருத்தமாக இருந்தால், நெஞ்சைத் திறக்காமல் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும் வழி இது.

## திரும்பவும் ரிப்பேர்

சொந்த வால்வு சொந்த வால்வுதான். இதழும் நாணும் இருந்த இடத்தில் இருந்தால் இதயத்தின் பம்ப் செய்யும் திறனும் நன்றாக நிற்கும். மெட்டல் வால்வுக்கான மாத்திரைச் சுமையும் இல்லை. முதல் ரிப்பேர் தையல் விட்டதால் தோற்றிருந்தால், அல்லது வயதால் தளர்ந்த வால்வில் இன்னொரு நாண் புதிதாக அறுந்திருந்தால், இரண்டாவது ரிப்பேர் நன்றாகவே நிற்க வாய்ப்புண்டு.

ருமாட்டிக் வால்வில் நிலைமை வேறு. இதழ் தடித்துச் சுருங்கி, நாண்கள் ஒட்டிக் குட்டையாகிப் போயிருக்கும். அதை மறுபடி ரிப்பேர் செய்தால் மூன்றாவது ஆபரேஷன் சீக்கிரமே வந்து நிற்கலாம். நடுவயதில் உள்ளவருக்கு அப்படிப்பட்ட வால்வு என்றால் மாற்றிவிடுவதே மேல் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு மட்டும் இந்தத் தீர்ப்பை மாற்றிச் சொல்வேன். செயற்கை வால்வு குழந்தையோடு சேர்ந்து வளராது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குச் சில வருடம் தாங்கினாலும் ரிப்பேர் லாபம்தான், பெரிய அளவு வால்வு வைக்கும் வயது வரை கொண்டுபோய்விடலாம்.

இதை உறுதியாகச் செய்து தருவேன் என்று எந்த சர்ஜனும் சொல்ல முடியாது. திறந்து பார்த்தபின் ரிப்பேர் சரிவராது என்று தெரிந்தால் அங்கேயே வால்வை மாற்றிவிடுவார்கள். ஆகவே, ரிப்பேருக்குச் சம்மதித்துப் படுப்பவரும், “மாற்ற வேண்டி வந்தால் எந்த வால்வு?” என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது. வெளியே நிற்கும் சித்தப்பா அந்த நேரத்தில் முடிவெடுக்கும்படி விடக் கூடாது.

பென்சிலின் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. ருமாட்டிக் நோய் உள்ளவருக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போடுகிற பென்சத்தீன் பென்சிலின் ஊசி ஆபரேஷனோடு முடிந்துவிடுவதில்லை. வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்ததிலிருந்து 10 வருடம் அல்லது 40 வயது வரை, இதில் எது நீண்டதோ அதுவரையாவது தொடரச் சொல்வார்கள். “வால்வைத்தான் சரி செய்தாச்சே” என்று ஊசியை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. நிறுத்தினால் நோய் திரும்பி வந்து, ரிப்பேர் செய்த வால்வையும் மற்ற வால்வுகளையும் தாக்கலாம்.

## மெட்டல் வால்வு

தேய்ந்து போகாது என்பதுதான் இதன் பலம். இன்னொரு முறை நெஞ்சைத் திறக்கும் வாய்ப்பை வெகுவாகக் குறைப்பது இதுதான். ஏற்கெனவே இரண்டு முறை திறந்த நெஞ்சுக்கு அது சின்ன விஷயமில்லை. மைட்ரல் இடத்தில் 65 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு, மாத்திரை எடுக்கத் தடை ஏதும் இல்லையென்றால், சர்வதேச வழிகாட்டுதல்கள் பொதுவாக மெட்டல் பக்கமே சாய்கின்றன.

நம் பக்கத்திலேயே உருவான வால்வு ஒன்றும் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகக் கூட்டுக்குள் ஒற்றைத் தட்டு சாய்ந்து திறந்து மூடும். வெளிநாட்டு வால்வை விட விலை குறைவு. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது. விலை குறைந்ததால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மெட்டல் வால்வுக்காக நாம் சுமக்க வேண்டியது, ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும்தான். மைட்ரல் மெட்டல் வால்வுக்கு ஐஎன்ஆர் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து அது சிக்கிக்கொள்ளலாம், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கூடினால் ரத்தக் கசிவு.

எங்கள் அக்காவுக்கு இரண்டாவது ஆபரேஷனில் வைத்தது மெட்டல் வால்வு. சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய நோட்டு தொங்கும். தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு, அடுத்த தேதி என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டம். திங்கள், புதன், வெள்ளிக்கு 2 மில்லிகிராம், மற்ற நாளுக்கு 3. வெள்ளிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு இருக்கும், விரத நாளில் ராத்திரிச் சாப்பாடு இல்லாததால் மாத்திரையும் மறந்து போகும் என்று அவரே போட்டுக்கொண்டது. ஏகாதசி முடிந்து துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை சாப்பிட்ட வாரத்தில் ஐஎன்ஆர் இறங்கியிருந்ததும் அந்த நோட்டில்தான் தெரிந்தது. கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே விட வேண்டியதில்லை. முருங்கையோ பொன்னாங்கண்ணியோ வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால், மாத்திரை அளவை அதற்கேற்ப டாக்டர் வைத்துவிடுவார். ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் சாப்பிடுவதுதான் கெடுதல்.

டெல்டாவில் மெட்டல் வால்வோடு வாழ்பவர் யோசிக்க வேண்டிய விஷயங்கள் சில. வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் என்றால் நம்பகமான ஐஎன்ஆர் எந்த லேபில் கிடைக்கும், அன்றே ரிசல்ட் வருமா, அதைப் பார்த்து மாத்திரை அளவு சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் இருக்க வேண்டும். ஒரே லேபில் எடுப்பது நல்லது. கதிர் அரிவாளால் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். தலையில் அடிபட்டால் மட்டும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உள்ளுக்குள் கசிவது வெளியே தெரியாது. உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக், வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல் இரண்டுமே இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, கடை இல்லை, பஸ் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாத மாத்திரையைக் கையில் வைத்திருங்கள், நோட்டை பாலிதீன் கவரில் போட்டு வையுங்கள்.

ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று பலர் கேட்கிறார்கள். மெட்டல் வால்வுக்கு அவை கூடாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை மெட்டல் வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக்கட்டியும் கசிவும் அதிகமானதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ருமாட்டிக் நோயோடு துடிப்பு ஒழுங்கு கெட்டவர்களிடம் 2022-ல் வெளியான பெரிய ஆய்விலும், ரிவரோக்சபான் என்ற இன்னொரு புது மாத்திரையை விட, பழைய வார்ஃபரின் வகை மாத்திரையே நல்ல பலன் தந்தது.

ராத்திரி அமைதியில் வால்வு டிக் டிக் என்று கேட்கும். முதல் சில மாதம் சிலருக்குத் தூக்கம் கெடும், பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கி, மூச்சும் வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

## திசு வால்வு

பசுவின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்தது. துடிப்பு ஒழுங்காக இருந்தால் 3 முதல் 6 மாதத்துக்குப் பிறகு அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். லேப் தூரம், மறதி, குடிப்பழக்கம், அல்சர், அடிக்கடி விழுகிற வயோதிகம் ஆகியவை இருக்கும் வீட்டில் இது உயிர் காக்கும் தேர்வு. மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர் நெஞ்சில் இருக்கும் மெட்டல் வால்வை விட, 12 வருடத்தில் தேய்ந்து போகும் திசு வால்வு பாதுகாப்பானது.

ஆனால் அது தேயும். அதுவும் வயது குறையக் குறையச் சீக்கிரம் தேயும், மைட்ரல் இடத்தில் இன்னும் சீக்கிரம். 25 வயதில் வைத்தால் 10 வருடத்துக்குள்ளேயே கால்சியம் படிந்து இறுகிவிடலாம். அப்போது நிற்பது மூன்றாவது ஆபரேஷன். “அதற்குள் கதீட்டர் வழியாகப் பழைய வால்வுக்குள் புது வால்வு வைத்துவிடலாம்” என்று சொல்வார்கள். உண்மைதான், அது இப்போதே நடக்கிறது. இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று வைக்கும் வால்வின் அளவு அதற்குள் இன்னொன்றை வைக்கப் போதுமா? கதீட்டர் வால்வு மட்டுமே பல லட்சம், அன்றைக்கு அதை யார் கட்டுவார்கள்?

இன்னொரு விஷயம், நம் ஊரில் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்காமல் விடுவது. எந்த மிருகத்தின் திசு என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர்க் குடும்பங்களுக்குப் பன்றி என்றால் தயக்கம், வேறு சில வீடுகளில் பசு என்றால் தயக்கம். உயிர் காக்கும் அவசியத்துக்கு அனுமதி உண்டு என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இருந்தாலும் முன்பே கேட்டால் மாற்று வகையை ஏற்பாடு செய்ய முடியும். ஆபரேஷன் முடிந்தபின் தெரிந்து மனம் வருந்துவதை விட அது நல்லது.

## பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு

இங்கேதான் முடிவு மிகக் கடினம். மெட்டல் வால்வு என்றால் கர்ப்ப காலம் முழுவதும் ஆபத்து உண்டு. வார்ஃபரின் வகை மாத்திரை, குறிப்பாக 6 முதல் 12 வாரத்தில், கருவைப் பாதிக்கலாம். வார்ஃபரின் தினசரி 5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படாதவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. அதை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் கருவுக்கு நல்லது, தாயின் வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். திசு வால்வில் இந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. பதிலாக, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அம்மாவுக்கு இன்னொரு ஆபரேஷன் வரும்.

எது சரி என்று வெளியாள் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று டாக்டர் கேட்க வேண்டும், வீட்டார் அதற்கு இடம் விட வேண்டும். கல்யாணப் பேச்சில் நெஞ்சுத் தழும்பை மறைப்பது, மாத்திரையை மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் போடச் சொல்வது இரண்டும் உயிரோடு விளையாடுவது. மறைத்து எடுக்கிற மாத்திரைதான் முதலில் தவறிப்போகும். மாப்பிள்ளை வீட்டில் சொல்லி, அவர்கள் ஏற்றுக்கொண்டால் நடக்கட்டும். கரு தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி வேண்டாம் என்ற பெண்ணுக்குக் கணக்கு நேராகிவிடுகிறது, அவருக்கு மெட்டல் பக்கமே நியாயம் அதிகம்.

## கதீட்டர் வழி

முதல் ரிப்பேரில் வைத்த வளையத்துக்குள் புது வால்வை வைப்பது, லீக் ஆகும் இதழ்களைக் கிளிப்பால் சேர்த்துப் பிடிப்பது என்று இரண்டு வகை. இன்னொரு ஆபரேஷனைத் தாங்காத வயோதிகருக்கு, சிறுநீரகமோ நுரையீரலோ மோசமானவருக்கு இது வரப்பிரசாதம். எல்லா வளையமும் ஒத்துவராது, ஓரத்தில் லீக் நிற்கலாம், ரத்தம் வெளியேறும் பாதையை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. தடித்துச் சுருங்கிய ருமாட்டிக் வால்வுக்குக் கிளிப் பெரும்பாலும் பொருந்தாது. 35 வயதுக்காரர், நெஞ்சைத் திறக்க பயம் என்பதற்காக மட்டும் இதைத் தேடிப் போவது சரியில்லை.

## பணம், பயணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன், அதே வால்வு வகையோடு, அந்த ஆஸ்பத்திரியில் திட்டத்துக்குள் வருகிறதா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய மாத்திரை, பரிசோதனைக்கு எதுவும் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

டெல்டாவுக்குள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, வேலூர் சிஎம்சிக்கோ, திருவனந்தபுரத்துக்கோ போகலாம். மயிலாடுதுறை, சீர்காழிக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். இதய ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, ஸ்லீப்பரில் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவம் வாங்க வேண்டும்.

யாரும் கணக்கில் எழுதாத செலவுகள்: துணைக்கு இருப்பவரின் கூலி, லாட்ஜ், ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து வருபவர்களின் வண்டிக்கூலி, எலும்பு கூடும் வரை ஏறக்குறைய 3 மாதம் கனம் தூக்க முடியாதது. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு அது ஒரு பருவக் கூலி. முடிந்தால் நடவு வேலை இல்லாத மாதங்களில் தேதி கேளுங்கள். டாக்டர் அவசரம் என்றால் பருவத்தைப் பார்க்காதீர்கள்.

## டாக்டரைப் பார்க்கப் போகும் முன்

பழைய ஆபரேஷன் நோட்டைத் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த வளையம், என்ன அளவு, எந்த நாணை மாற்றினார்கள் என்பது ஆபரேஷன் நோட்டில்தான் இருக்கும். வளையத்தின் அளவும் நம்பரும் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் சில ஃபைல்களில் ஒட்டியிருக்கும், அதுவும் முக்கியம். கிடைக்காவிட்டால் முதலில் செய்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் எழுதிக் கேட்கலாம். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

பல்லைக் காட்டிச் சரி செய்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போக வேண்டும். சொத்தைப் பல்லின் கிருமி புது வால்வில் போய் உட்காரும். வால்வோ வளையமோ வைத்தபின் பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும் என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் அடித்தால், மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவதற்கு முன் ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்டபின் எடுத்தால் கிருமி தெரியாமலே போகலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மாத்திரையின் பெயரை, வார்ஃபரினா அசிட்ரோமா என்று, தெளிவாக எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் மில்லிகிராம் கணக்கு வேறு. ஊர்க் கடையில் ஒன்று இல்லையென்று இன்னொன்றை அதே அளவில் கொடுத்தால் வாங்கக் கூடாது.